எக்ஸ்சேஞ்ச் விலையைக் குறைத்தால்: வாசலில் மறுப்பதா, புகார் எழுதுவதா, கோவைக்குக் கொண்டுபோய் விற்பதா?

பழைய போனைக் கொடுத்துப் புதுப் போன் வாங்க ஆன்லைனில் ஆர்டர் போட்டபோது பழையதற்குக் காட்டிய விலை 11,500 ரூபாய். வாசலுக்கு வந்தவர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தன் ஆப்பில் பத்துப் பதினைந்து டிக் போட்டுவிட்டு 7,200 என்கிறார். காரணம் கேட்டால், "சிஸ்டம் இதான் சேட்டா காட்டுது." கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் என்று பாலக்காட்டின் தமிழக எல்லையோரத்தில் இந்த வசனம் பாதி தமிழிலும் பாதி மலையாளத்திலும் வரும். புதுப் போன் பெட்டி அவர் பையில் இருக்கிறது, அடுத்த டெலிவரிக்கு அவருக்கு நேரமாகிறது, முடிவெடுக்க உங்களுக்குக் கிடைப்பது பத்து நிமிடம்.

அந்தப் பத்து நிமிடத்தில் செய்யக்கூடியவை சில, அது கடந்த பிறகு செய்யக்கூடியவை சில. இரண்டுக்கும் பலம் ஒன்றல்ல. பழைய போன் உங்கள் கையில் இருக்கும்வரை பேரம் உங்கள் பக்கம். ஓ.டி.பி. சொல்லி ஒப்படைத்துவிட்டால், அந்த போன் எந்த நிலையில் இருந்தது என்று காட்ட உங்களிடம் இருப்பது நீங்கள் எடுத்துவைத்த படங்கள் மட்டும்தான். ஆகவே எந்த வழி நல்லது என்பதை, போன் இப்போது யார் கையில் இருக்கிறது என்பதை வைத்தே பார்க்க வேண்டும்.

எதற்காகக் குறைத்தார்கள்?

இது தெரியாமல் சண்டை போடுவதில் பயனில்லை. ஆன்லைனில் காட்டும் விலை, போனின் நிலை பற்றிய கேள்விகளுக்கு நீங்கள் டிக் செய்த பதில்களுக்கான விலை. நேரில் வருபவர் அதே கேள்விகளுக்குத் தன் பதிலைப் போடுகிறார். இரண்டும் எங்கே வேறுபடுகிறதோ அங்கேதான் பணம் குறைகிறது. அதனால் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல. "எந்தக் கேள்விக்கு என்ன டிக் போட்டீங்க, காட்டுங்க தம்பி" என்று கேளுங்கள். திரையைக் காட்டினால் அதை உங்கள் இன்னொரு போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காட்ட மாட்டேன் என்றால் அதையும் குறித்துவைக்கலாம், பின்னால் உதவும்.

அதிகம் தகராறு வரும் இடம் திரை. டெம்பர்டு கிளாஸ் ஒட்டியபடியே பார்த்து "கீறல் இல்லை" என்று நாம் டிக் செய்திருப்போம். வந்தவர் அதைக் கழற்றச் சொல்வார். அடியில், சட்டைப்பையில் சாவியோடு கிடந்த காலத்துக் கோடுகள் தெரியும். நகம் மாட்டாத மெல்லிய கோடும் ஆழமான வெட்டும் பல நிறுவனங்களின் பட்டியலில் தனித்தனி வரிசை. மெல்லிய கோட்டை "திரை உடைந்தது" என்ற வரிசையில் போட்டிருந்தால் அது திருத்தக்கூடிய தவறு. ஆமோலெட் திரையில் பச்சைக் கோடு ஓடினால் அப்படி அல்ல, அந்தக் குறைப்பு நியாயம்தான். ஆனால் பச்சைக் கோட்டுக்குச் சில நிறுவனங்கள் சில மாடல்களுக்கு வாரண்டி முடிந்தும் இலவசமாகத் திரை மாற்றித் தந்ததுண்டு. விற்பதற்கு முன் சர்வீஸ் சென்டரில் ஒரு வார்த்தை கேட்பதில் நஷ்டமில்லை.

அடுத்தது மாற்றிய பாகம். ஐபோனில் இதை மறைக்க முடியாது: ஐ.ஓ.எஸ். 15.2 முதல் செட்டிங்ஸில் ஜெனரல், அபவுட் என்று போனால் பாகங்களின் சரித்திரம் வந்து நிற்கும். பேட்டரி மாற்றியது ஐபோன் எக்ஸ்.ஆர்., எக்ஸ்.எஸ். முதலும், திரை மாற்றியது ஐபோன் 11 முதலும் தெரியும். அங்கீகரிக்கப்பட்ட சென்டரில் மாற்றியிருந்தால் அசல் பாகம் என்று காட்டும், வெளிக் கடையில் போட்ட பாகம் என்றால் அடையாளம் தெரியாத பாகம் என்று காட்டும். அசல் என்று காட்டியும் "திரை மாற்றப்பட்டது" என்று விலையைக் குறைத்தால், அந்த ஒரு ஸ்கிரீன்ஷாட்டே உங்களுக்கு ஆதாரம்.

பேட்டரி நலம் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் பெரும்பாலும் வேறு வரிசைக்குப் போய்விடும். ஐபோன் 14 வரையிலானவை 500 முழுச் சார்ஜ் சுற்றுகளுக்கும், 15 முதலானவை 1,000 சுற்றுகளுக்கும் 80 சதவீதம் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டவை. 81 இருக்கும்போதே விற்பதும் 79 ஆன பிறகு விற்பதும் ஒன்றல்ல.

சிம் ட்ரே உள்ளே இருக்கும் ஈரம் காட்டும் ஸ்டிக்கர் சிவந்திருந்தால் வாதாட வேண்டாம். "எங்க ஊர்ல ஆடி மழை, காத்துலயே ஈரம்" என்பது எடுபடாது. சாதாரண ஈரப்பதத்தில் நிறம் மாறாமல், தண்ணீர் நேரடியாகத் தொட்டால் மட்டும் மாறும்படிதான் அதைச் செய்கிறார்கள்.

மைக், ஸ்பீக்கர், சென்சார் பழுது என்று சொன்னால் அங்கேயே சோதித்துக் காட்டலாம். பல சாம்சங் போன்களில் *#0*# அழுத்தினால் சோதனைப் பட்டியல் திறக்கும். ஷாவ்மி, ரெட்மியில் *#*#6484#*#*. காதருகே வைத்தால் திரை அணையவில்லை என்பது பாதி நேரம் திரைக்காப்பு சென்சாரை மறைப்பதால் வரும் கோளாறு. கழற்றிவிட்டு மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. போனின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. கறுப்புப் பட்டியலில் இருந்தால் எவரும் எடுக்க மாட்டார்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கிய போன் என்றால் இதை முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது. *#06# அழுத்தி எண்ணை எடுத்து, கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்துகளுக்குப் பின் ஓர் இடம் விட்டு அந்த 15 இலக்கங்களை அடித்து 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் நிலை தெரியும்.

வாசலில் உள்ள மூன்று வழிகள்

குறைத்த விலையை ஏற்பது, எக்ஸ்சேஞ்சை மட்டும் மறுப்பது, மறுபரிசோதனை கேட்பது. மூன்றில் எது என்பதைக் கோபம் தீர்மானிக்கக் கூடாது, கணக்குதான் தீர்மானிக்க வேண்டும். அந்தக் கணக்கில் பலர் விட்டுவிடும் ஒரு வரி எக்ஸ்சேஞ்ச் போனஸ், அதாவது பழைய போனின் விலைக்குமேல் கூடுதலாகத் தரும் கழிவு.

ஓர் உதாரணம். புதுப் போன் 42,000. பழையதற்கு 11,500, அதன்மேல் போனஸ் 3,000, ஆகக் கழிவு 14,500. வாசலில் 11,500 என்பது 7,200 ஆகிறது. கோவை காந்திபுரத்திலோ பொள்ளாச்சியிலோ கடையில் 9,500 கிடைக்கும் என்று விசாரித்து வைத்திருக்கிறீர்கள். போனஸ் அப்படியே நிற்குமானால் எக்ஸ்சேஞ்சில் 10,200; கடையைவிட 700 அதிகம், பஸ் செலவும் அரை நாளும் மிச்சம். இங்கே முறைத்துக்கொண்டு மறுத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். போனஸும் சேர்ந்து போய்விட்டது என்றால் 7,200-க்கு எதிரே 9,500. அப்போது யோசிக்க வேண்டியதில்லை, மறுத்துவிடலாம். "போனஸ் நிக்குதா, போயிடுச்சா?" என்ற கேள்விக்குப் பதில் வராமல் ஓ.டி.பி. சொல்லாதீர்கள். ஓணத்துக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று என்று எல்லையோரத்தில் இரண்டு ஆஃபர் காலம் நமக்கு வாய்க்கிறது. இரண்டிலும் பெரிய எழுத்தில் வரும் தொகையில் கணிசமான பங்கு இந்த போனஸ்தான், போனின் விலை அல்ல.

மறுப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. எக்ஸ்சேஞ்சை ரத்து செய்தால் கழித்த தொகை முழுவதையும், போனஸ் உட்பட, நீங்கள் அப்போதே கட்ட வேண்டிவரும். மேலே சொன்ன உதாரணத்தில் அது 14,500. இல்லாவிட்டால் புதுப் போன் திரும்பிப் போகும். இ.எம்.ஐ.யில் எடுத்தவருக்கு இது கூடுதல் தொல்லை, ஏனென்றால் அந்தத் தொகை தவணையில் சேராது, கையிலிருந்து போக வேண்டும். பணத்தை யு.பி.ஐ.யில் தயாராக வைத்துக்கொண்டு டெலிவரி எதிர்பார்ப்பவருக்கே உண்மையில் மறுக்கும் சுதந்திரம் இருக்கிறது.

மறுபரிசோதனை என்பது பாதி வழி. கஸ்டமர் கேரை அழைத்து, வந்தவர் போட்ட பதில் தவறு என்று சொல்லி, வேறொருவரை அனுப்பச் சொல்லலாம். திரைக்காப்பு, மெல்லிய கோடு, சென்சார் போன்ற காரணங்களில் இது பலிக்கும். வளைந்த ஃபிரேம், சிவந்த ஸ்டிக்கர், அடையாளம் தெரியாத திரை என்றால் இரண்டாவது ஆள் வந்தாலும் அதே விலைதான், சில சமயம் அதைவிடக் குறைவு. கூடவே, ஆன்லைன் விலைக்குக் கெடு இருக்கிறது; மறுபடி ஆள் வருவதற்குள் அது காலாவதியானால் புது விலையில் தொடங்குவார்கள். அழைக்கும்போதே "பழைய விலையே நிற்குமா" என்று கேட்டு, பதிலைச் சாட்டிலோ மின்னஞ்சலிலோ எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சுக்கு மதிப்பில்லை.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று: விலை முடிவாகும்வரை போனை ரீசெட் செய்யாதீர்கள். வந்தவர் முதலிலேயே "எல்லாத்தையும் அழிச்சிடுங்க" என்பார். அழித்துவிட்டால் உங்கள் கையில் வெறும் போன். காண்டாக்ட் இல்லை, வாட்ஸ்அப் இல்லை. அந்த நிலையில் விலையைக் குறைத்தால் "போய்த் தொலையுது" என்று கொடுத்துவிடத் தோன்றும். முந்தின நாளே பேக்கப் எடுத்துவிடுங்கள். சோதனை, விலை, போனஸ் மூன்றும் உறுதியான பிறகு கூகுள் கணக்கிலிருந்தோ ஐகிளவுடிலிருந்தோ வெளியேறி, அதன்பின் ரீசெட். வெளியேறாமல் அழித்தால் போன் பூட்டிக்கொள்ளக்கூடும், அது இன்னொரு குறைப்புக்குக் காரணமாகலாம்.

அழிப்பதற்கு முன் எடுத்துவைக்க வேண்டியவை: ஐ.எம்.இ.ஐ. தெரியும் திரை, பேட்டரி நலம், பாகங்களின் சரித்திரம், ஆன்லைனில் விலை காட்டிய பக்கமும் நீங்கள் டிக் செய்த பதில்களும், நான்கு பக்கமும் சுற்றிக் காட்டும் ஒரு நிமிட வீடியோ. வீடியோவில் ஐ.எம்.இ.ஐ. திரையும் ஒருமுறை வர வேண்டும். இல்லாவிட்டால் அது வேறு போன் என்று சொல்ல இடமிருக்கிறது. இவற்றை அந்தப் போனிலேயே விட்டுவிட்டு ஒப்படைப்பவர்களும் உண்டு என்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது: மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள்.

கோவையா, பாலக்காடா, பொள்ளாச்சியா?

எக்ஸ்சேஞ்சை மறுத்துவிட்டு வெளியே விற்பது பலருக்கு நல்ல வழி. கிழக்குப் பாலக்காட்டில் இருப்பவருக்கு மூன்று சந்தையும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. கடைகள் அதிகம் இருக்கும் இடம் கோவை. மூன்று கடையில் கேட்டு மூன்று விலை வாங்க ஒரே தெரு போதும். பெட்டி, பில், சார்ஜர் இருந்தால் கடைக்காரர் விலை ஏறும், கம்பெனி எக்ஸ்சேஞ்சில் இவற்றுக்குப் பெரிதாக மதிப்பில்லை. அதற்கு மாறாக, வெளிக் கடையில் போட்ட திரையைக் கடைக்காரர் அவ்வளவு பெரிதுபடுத்த மாட்டார். கம்பெனி கடுமையாக வெட்டும் போன்களுக்குத்தான் கடை ஏற்றது என்பது இதனால்தான். பழுதே இல்லாத, ஓராண்டுக்குள்ளான போனுக்குப் போனஸோடு சேர்த்த எக்ஸ்சேஞ்சை முந்துவது கடினம்.

நேரம் பார்க்க வேண்டும். ஓணம், தீபாவளி முடிந்த கையோடு பழைய போன்கள் கடையில் குவியும், விலை இறங்கும். ஐபோன் என்றால் செப்டம்பரில் புது மாடல் வருவதற்கு முன்பே தள்ளிவிடுவது நல்லது.

கடையில் விற்றால் ரசீது வாங்காமல் வராதீர்கள். தேதி, ஐ.எம்.இ.ஐ. எண், தொகை, கடை முத்திரை, இவ்வளவு போதும். நாளைக்கு அந்தப் போன் ஏதாவது குற்றத்தில் சிக்கினால் உங்களைத் தேடி வரும்போது காட்ட வேறு எதுவும் இருக்காது. ஆதார் நகல் கேட்டால், "பழைய போன் விற்பனைக்காக மட்டும்" என்று தேதியோடு அதன்மேல் குறுக்கே எழுதிக் கொடுங்கள்.

ஒப்படைத்துவிட்ட பிறகு

நெருக்கடியில் ஏற்றுக்கொண்டாயிற்று, அல்லது போனை வாங்கிப்போன பிறகு "கிடங்கில் சோதித்தோம், இவ்வளவுதான்" என்று செய்தி வருகிறது. இரண்டும் வேறு வேறு. முதலாவதில் ஓ.டி.பி. உங்கள் சம்மதமாகப் பதிவாகிவிட்டது. "ஆட்சேபத்துடன் ஏற்கிறேன்" என்று ஓ.டி.பி. சொல்லும் முன் சாட்டில் ஒரு வரி எழுதியிருந்தால் கொஞ்சம் பிடிமானம் கிடைக்கும், அவ்வளவுதான். இரண்டாவதில் உங்கள் நிலை நன்றாகவே இருக்கிறது, ஏனெனில் புது விலைக்கு நீங்கள் இன்னும் சம்மதிக்கவில்லை. ஆனால் பதில் சொல்லக் கெடு இருக்கிறதா, மௌனம் சம்மதமாகுமா என்று விதிமுறையில் அன்றைக்கே பாருங்கள். வேண்டாம் என்றால் போனைத் திருப்பிக் கேட்டு உடனே எழுதுங்கள்.

முதல் கடிதம் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி அவர் பெயரும் தொடர்பும் தளத்தில் இருக்க வேண்டும். புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கஸ்டமர் கேர் சாட்டில் பத்து நாள் மன்றாடுவதைவிட இந்த ஒரு மின்னஞ்சல் மேல். கடிதம் நீளமாக இருக்கக் கூடாது: ஆர்டர் எண், சொன்ன விலை, தந்த விலை, இடையே 4,300 ரூபாய் வித்தியாசம், எந்தக் கேள்விக்கான பதில் தவறு, அதற்கான படம், என்ன வேண்டும். "ஏமாற்றிவிட்டீர்கள்" என்று நான்கு பத்தி எழுதினால் படிப்பவர் அந்த நான்கு பத்திக்குத்தான் பதில் எழுதுவார்.

அதற்குள் பில்லையும் எடுத்துப் பாருங்கள். பழைய போனைக் கொடுத்து வாங்கினாலும், புதுப் போனின் ஜி.எஸ்.டி. மதிப்பு பொதுவாக எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் விற்கும் விலைதான். மத்திய ஜி.எஸ்.டி. விதி 27-இல் இருக்கும் உதாரணமே ஒரு போன்தான்: பழைய போனுடன் 20,000-க்குத் தரும் புதுப் போன், எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் 24,000 என்றால், அதன் மதிப்பு 24,000. ஆகப் பழைய போனுக்கு எவ்வளவு கழித்தார்கள் என்பது பில்லிலோ எக்ஸ்சேஞ்ச் ரசீதிலோ தனியாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் எழுதிக் கேளுங்கள். உங்கள் கோரிக்கைத் தொகைக்கு அடிப்படை அதுதான்.

வங்கியில் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தை வங்கி மூலமே திரும்பப் பெறுவது, கேட்கலாமா என்று பலர் யோசிப்பதுண்டு. வாசலில் வித்தியாசத்தை நீங்களே யு.பி.ஐ.யிலோ கார்டிலோ கட்டியிருந்தால் அது நீங்கள் ஒப்புதல் கொடுத்த பணம், சார்ஜ்பேக் நிற்காது. கேட்காமலே பின்னால் கார்டில் கழித்திருந்தால் மட்டும் வங்கிக்குப் போகலாம்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் அடுத்த படி. தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம், கட்டணம் இல்லை. அவர்கள் உங்கள் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்குவார்கள். உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. கையில் தெளிவான ஆதாரம் இருந்து, தொகை சிறியதாக இருக்கும்போது இந்த இடத்திலேயே பல விவகாரங்கள் முடிந்துவிடும், ஏனென்றால் நாலாயிரத்துக்காக நுகர்வோர் ஆணையம்வரை போவது நிறுவனத்துக்கும் லாபமில்லை. ஆனால் இங்கே காத்திருக்கும் காலம் ஆணையத்துக்கான கெடுவை நிறுத்திவைக்காது.

அந்தக் கெடு இரண்டு ஆண்டு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், வாங்கிய பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம்வரை இருந்தால் கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயமில்லை, ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். எல்லையோரத்தாருக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவில் ஒரு நல்ல வசதி இருக்கிறது: புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ வழக்குப் போடலாம். கொழிஞ்சாம்பாறையில் வீடு, கோவையில் வேலை, விற்ற நிறுவனம் பெங்களூரில் என்றால் பாலக்காட்டிலும் போடலாம், கோவையிலும் போடலாம், பெங்களூருக்கு அலைய வேண்டியதில்லை. இரண்டில் எது? கோவையிலுள்ள கடையில் நேரடியாக நடந்த எக்ஸ்சேஞ்ச் என்றால் கோவை வசதி. கடையும் சாட்சியும் அங்கேயே. வீட்டு வாசலில் நடந்தது என்றால் பாலக்காடு.

சட்டம் மூன்று மாதத்தில் முடிக்கச் சொல்கிறது, பொருளைச் சோதனைக்கு அனுப்ப வேண்டியிருந்தால் ஐந்து மாதம். நடைமுறையில் அதைவிட இழுக்கும் என்று வைத்துக்கொண்டே இறங்க வேண்டும். எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்லவே 30 நாளும், கேட்டால் மேலும் 15 நாளும் உண்டு.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. புதுப் போன் வாங்கும்போது பழையதைக் கழித்தீர்கள் என்றால் நீங்கள் பொருள் வாங்கியவர், நுகர்வோர். சொன்ன கழிவைத் தராதது நேர்மையற்ற வணிக முறை என்று வாதிட முடியும். வெறுமனே பழைய போனைப் பணத்துக்கு விற்றிருந்தால் அங்கே நீங்கள் விற்பவர். "இவர் எங்களிடம் எதை வாங்கினார்?" என்று எதிர்த்தரப்பு முதல் நாளே கேட்கும், அந்தக் கேள்வியைத் தாண்டுவது எளிதல்ல. ஆகவே பழைய போனைப் பணத்துக்கு மட்டும் வாங்கும் செயலிகளில் விலை குறைந்தால், வாசலிலேயே மறுத்துவிடுவதைத் தவிர உருப்படியான வழி குறைவு.

தொகையைப் பொறுத்து எங்கள் கணிப்பு இது. ஆயிரம் ரூபாய்க்குள் வித்தியாசம் என்றால், காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு ஏற்பதோ மறுப்பதோ வாசலோடு முடியட்டும். ஆயிரத்துக்கும் ஐயாயிரத்துக்கும் இடையே என்றால் குறைதீர்ப்பு அலுவலர், பிறகு 1915. அதற்குமேல் நேரம் செலவழிப்பது ஒவ்வொருவர் பிடிவாதத்தைப் பொறுத்தது. லேப்டாப், மடக்கும் போன், விலை உயர்ந்த ஐபோன் என்று பத்தாயிரத்துக்குமேல் வெட்டியிருந்தால், வீடியோவும் ஸ்கிரீன்ஷாட்டும் கையில் இருக்கும்பட்சத்தில், ஆணையம் வரை போவது தகும். வீடியோ இல்லை என்றால் அந்தத் தொகைக்கும் 1915-ஓடு நிறுத்திக்கொள்வது நல்லது.